அந்தப் பத்து நிமிடம் யாருடையது?

1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸ்ஸினி தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார. குனிந்து உட்கார்ந்து தைப்பவர்களின் முதுகுவலியும் மரத்துப்போகும் கால்களும் அதில் பதிவாகியிருக்கின்றன. உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு அவர் சொன்ன யோசனை, விடுமுறை நாளிலாவது உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது. பூந்தமல்லியை அடுத்த எங்கள் சென்னீர்குப்பத்தில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது பொருந்தாது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வாரத்துணி துவைக்கும் நாள். அன்றும் இடுப்புக்கு ஓய்வில்லை.

பிறகு உடற்பயிற்சி வானொலிக்கும் வேலையிடத்துக்கும் வந்தது. 1925இல் அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனம் வானொலியில் காலைப் பயிற்சியை ஒலிபரப்பியது. அதைப் பார்த்து ஜப்பானின் அஞ்சல் காப்பீட்டுத் துறை 1928இல் வானொலிப் பயிற்சியைத் தொடங்கியது. ஆலைகளும் அலுவலகங்களும் அதை எடுத்துக்கொண்டன. இரண்டு இடத்திலும் முன்னின்றது காப்பீட்டுத் துறை. தொழிலாளி நோயில்லாமல் இருந்தால் யாருக்கு லாபம் என்ற கணக்கும் இந்த வரலாற்றில் உண்டு.

உழைக்கும் பெண்கள் முதலில் கேட்டது நாற்காலியை. பிரிட்டனில் 1899இல் வந்த சட்டம், மூன்று கடைப் பெண்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்றது. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி, ‘பெண்கூட்டு’ அமைப்பின் மூலம் விற்பனைப் பெண்களைத் திரட்டினார். கழிப்பறையும் உட்காரும் உரிமையும் கேட்டுப் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது.

ஆலைகளுக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இது இருந்தது. நின்று வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும், வேலைக்கிடையே ஓய்வுக்கு வாய்ப்பு வரும்போது அவர்கள் உட்காரலாம் என்றது 44ஆம் பிரிவு. அந்த வாய்ப்பு எப்போது வரும்? அம்பத்தூரின் ஆயத்த ஆடை ஆலைகளில் டெய்லர் உட்கார்ந்தே இருக்கிறார், செக்கிங் செய்பவர் நின்றே இருக்கிறார். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் ஓடும்போது இருவருக்கும் அந்த வாய்ப்பு வருவதில்லை.

இந்த இடத்தில்தான் பயிற்சி தேவைப்படுகிறது. ஒரே நிலையில் இறுகிய கழுத்தும் தோளும் வேலைக்கு நடுவே அசைந்தால் தளரும். நான் பயிற்சிக்கு எதிரி அல்ல. அது பஞ்ச் அடிப்பதற்கு முன்பா, பின்பா என்று கேட்கிறேன். முன்பு என்றால் அந்தப் பத்து நிமிடம் நம்முடையது, கூலி இல்லாதது. அதற்காக அடுப்பை இன்னும் சீக்கிரம் பற்றவைக்க வேண்டும். பின்பு என்றால் அந்த நேரத்துக்கான பீஸ் கணக்கையும் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் மீதி நேரத்தில் கை இன்னும் வேகமாக ஓடி அதே வலியை வாங்கிக்கொள்ளும்.

மேசையின் உயரத்தையும் டார்கெட்டையும் மாற்றாமல் கையை மட்டும் நீட்டச் சொன்னால், வலிக்குக் காரணம் வேலை அல்ல, உன் உடம்புதான் என்று சொல்வதாகிவிடும். நாற்காலியைக் கேட்டு வாங்கிய பெண்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்து நாம் கேட்க வேண்டியது கூலியோடு கூடிய அந்தப் பத்து நிமிடத்தை.