மால்வண் கடலும் கொற்கை முத்தும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் 'பாண்டிய நாட்டு முத்து வாணிகம்' என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேசினேன். அன்று பொறுமையாகக் கேட்டுக் கைதட்டிய அன்பர்களுக்கு இந்த மலரின் வாயிலாக ஒரு திருத்தம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முத்தின் பெருமையைச் சொன்னேன், விலையைச் சொன்னேன், வாங்கிய ரோமாபுரியைச் சொன்னேன். கடலுக்குள் இறங்கி அதை எடுத்தவனைப் பற்றி ஒரு வாக்கியம்கூடச் சொல்லவில்லை. வியாபாரி புத்தி அப்படித்தான். சரக்கு கண்ணில் படும், சுமந்தவன் படமாட்டான். அந்தக் குறை எனக்கு உறைத்தது மால்வண் கடலுக்குள் கால்மணி நேரம் இருந்தபோதுதான்.

கடலுக்குள் ஒரு பாடம்

டிசம்பர் விடுமுறையில் மகன் குடும்பத்தோடு மால்வண் போயிருந்தோம். புனேயிலிருந்து கொல்ஹாப்பூர் வழியாக மலை இறங்கினால் ஒரு பகல் பயணம். ஊருக்கு எதிரே கடலுக்குள் நிற்கிறது சிந்துதுர்க் கோட்டை. சத்ரபதி சிவாஜி மகாராஜ் 1664ல் தொடங்கி 1667ல் கட்டி முடித்தது. அதைப் பார்ப்பது என் நோக்கம். பேரனுக்கோ அந்தக் கோட்டைப் பக்கத்துக் கடலில் ஸ்கூபா கற்றுக்கொள்ள ஆசை. "தாத்தா, நீங்களும் வாங்க. வரலாறு தண்ணிக்கு அடியிலயும் இருக்கும்ல?" என்று மடக்கிவிட்டான். புறப்படும் முன்பே டாக்டரிடம் காட்டி அனுமதி வாங்கியிருந்ததால் மறுக்க வழியில்லை.

கற்றுக் கொடுத்தவர் அந்த ஊர் மீனவர் வீட்டுப் பிள்ளை. முதலில் இடுப்பளவு நீரில் பாடம். மூக்கை மறந்துவிட்டு வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். காது வலித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்று பொருளல்ல, 'மேலே போகலாம்' என்று பொருள். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: "காகா, ஷ்வாஸ் ரோகூ நகா." பெரியவரே, மூச்சை அடக்காதீர்கள்.

காரணம் எளிது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றால் நுரையீரலை நிரப்பிக்கொண்டு, மூச்சை விடாமல் மேலே வந்தால் அந்தக் காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். 1943ல் பிரான்சில் குஸ்தோவும் காக்னானும் சேர்ந்து செய்த கருவியின் வழியில் வந்ததுதான் இன்று நாம் முதுகில் மாட்டிக்கொள்ளும் சாதனம். அதன் முதல் விதியே இடைவிடாமல் மூச்சு விடு என்பது.

ஐந்தாறு மீட்டர்தான் இறங்கினோம். காது குத்தியது, நெஞ்சு படபடத்தது. சிலிண்டர் நிறையக் காற்று, பின்னால் பிடித்துக்கொண்டு ஒரு பயிற்சியாளர், அப்படியும் இந்தப் பயம். அந்த நொடியில்தான் கொற்கைக்காரன் நினைவுக்கு வந்தான். அவனிடம் இருந்தது கரைக்காற்றில் இழுத்த ஒரே ஒரு மூச்சு.

பெயரில்லாத மூச்சு

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் காலில் ஒரு கல்லைக் கோத்துக்கொண்டு விரைந்து இறங்குவார்கள். ஆழம் பத்து முதல் பதினெட்டு மீட்டர் வரை. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் அள்ளிக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார். இப்படி ஒரு நாளில் பலமுறை.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பாண்டிய நாட்டு முத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சங்கப் பாடல்கள் கொற்கை முத்தைப் பலவாறு போற்றுகின்றன. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், கொற்கையில் முத்தெடுக்கத் தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கினார்கள் என்கிறது. பொங்கல் மேடையில் பெரிப்ளூஸை மேற்கோள் காட்டிய நான் அந்த வரியை மட்டும் தாண்டிப் போனேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, சுறாமீனை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கு எழுதி வைத்தார். பங்குகளின் கணக்கு நமக்குத் தெரிகிறது, மூழ்கியவன் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை.

சிலப்பதிகாரத்தில் கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது முத்து என்பதால்தானே கண்ணகியின் வழக்கே தீர்ந்தது? அந்தக் காப்பியத்தில் வணிகன் உண்டு, பொற்கொல்லன் உண்டு, அரசன் உண்டு. அந்த முத்தை எடுத்தவன் யார் என்று இத்தனை காலம் படித்தும் நான் கேட்டதில்லை.

மச்சான் கையில் கயிறு

மேலே கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தவராக இருப்பார் என்று முத்துக்குளித்துறை ஊர்களில் சொல்வது வழக்கம். தன் தங்கையின் தாலியைக் காப்பதற்காகவாவது கவனமாக இருப்பார் அல்லவா? ஸ்கூபாவிலும் தனியாக இறங்கக் கூடாது, துணை ஒருவர் வேண்டும் என்பது விதி. கருவி மாறினாலும் தேவை மாறவில்லை: நம் மூச்சு நின்றால் பதறுகிற ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

தொடாதே என்ற விதி

பயிற்சியாளர் சொன்ன இன்னொரு விதி, கடலடியில் எதையும் தொடக்கூடாது. பவளமும் உயிர்தான், கை பட்டாலே சிதையும் என்றார். சமணக் குடியில் பிறந்த எனக்கு அது வீட்டுப் பாடம் போலவே கேட்டது. உடனே மனம் 1905ஆம் ஆண்டு இலங்கை முத்துக்குளிப்புக்குப் போயிற்று. அந்த ஒரு பருவத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. மீதி அரசுக்கு, அது ஏலத்தில் வணிகர்களுக்குப் போனது. வாங்கியவர்கள் சிப்பிகளை அழுகவிட்டு, புழு தின்றபின் கழுவி முத்துப் பொறுக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்தப் படுகைகள் வெறுமையாயின. எறும்புக்கும் ஒதுங்கி நடக்கச் சொன்ன வீட்டில் வளர்ந்தவன் மேடையில் முத்து மாலையைப் புகழ்ந்தபோது இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

தூத்துக்குடிக்கும் ஸ்கூபாவுக்கும் பழைய உறவு உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1950களின் இறுதியில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநர் ஒருவர் வந்து, அந்தப் படுகைகளை ஸ்கூபாவில் மூழ்கி ஆராய்ந்தார். நம் விஞ்ஞானிகளும் அந்த முறையில் ஆராயத் தொடங்கினார்கள். அங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. 1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிக் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. கொற்கையோ இன்று கடலிலிருந்து சில கி.மீ. உள்ளே தள்ளி, வயல் சூழ்ந்த சிற்றூர்.

படகில் ஏறியதும் பேரன் கேட்டான்: "என்ன தாத்தா, வரலாறு கிடைச்சுதா?" கிடைத்தது என்றேன். என்ன என்று கேட்டதற்குச் சட்டெனப் பதில் வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மால்வணுக்கும் அந்தமானுக்கும் போகும் நம் பிள்ளைகள் ஸ்கூபா கற்கட்டும், நல்லது. இறங்கும் முன் ஒரு மூச்சை இழுத்து, அதை மட்டும் நம்பி மன்னார்க் கடலில் இறங்கியவர்களை ஒரு கணம் நினைக்கச் சொல்லுங்கள். அடுத்த பொங்கலுக்கு மேடை கிடைத்தால் என் பேச்சை அவர்களிடமிருந்தே தொடங்குவேன்.