காவல் நீக்கிய கணம்

கச்சேரிக்குச் சென்றவர்க்கு இக்காட்சி பழக்கமானது. மக்கள் வெளியே நிற்பர். கோவைகள் பதிவறையில் இருக்கும். லிகிதர் விண்ணப்பத்தை வாங்கி, உரிமையைப் பரிசீலித்த பின்னரே கோவை வெளிவரும். கணினியின் உள்ளமைப்பும் ஏறத்தாழ இவ்வாறானதே. நாம் பயன்படுத்தும் நிரல்கள் யாவும் வெளியே நிற்பவை. வட்டிலுள்ள கோப்பை நேரே தொடும் அதிகாரம் இயங்குதளத்தின் நடுவாக விளங்கும் கருநிரலுக்கே உரியது.

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ், இவ்வொழுங்கைத் திற, படி, எழுது, மூடு என்னும் எளிய அழைப்புகளில் அடக்கியது. 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வழி நின்று லினக்ஸை எழுதி, அதன் மூலநிரலை யாவரும் படிக்கத் திறந்துவைத்தார். அவ்வாண்டில் நமது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கொளியிலேயே நம் மாணவர் படித்தனர்.

கோப்பைப் படிக்கக் கேட்கும் வெளிநிரல், படித்ததை வைக்கவேண்டிய நினைவக முகவரியையும் கூறும். அம்முகவரி அந்நிரலின் எல்லைக்குள் உள்ளதா என்று கருநிரல் சோதிக்கும். இச்சோதனை இல்லையேல், வெளியே நிற்பவன் கருநிரலின் நினைவகத்தையே திருத்தி எழுதிவிடலாம்.

ஆனால் கருநிரலே தனக்கென ஒரு கோப்பைப் படிக்க விரும்பினால் என்ன செய்வது? சாதனங்களை இயக்கும் நிரற்பகுதிகளை எழுதியோர் பலர்க்கு இவ்வாசை எழுந்தது. ஆயினும் கருநிரலின் முகவரி வெளியார்க்கு வகுத்த எல்லைக்கு அப்பாற்பட்டது. எனவே சோதனை அதை மறுத்துவிடும். இதற்குக் குறுக்குவழியாகப் பயன்பட்டதே 'செட் எஃப்.எஸ்.' என்னும் செயல்கூறு. அது எல்லையைக் கணநேரம் அகற்றும். வேலை முடிந்ததும் எல்லையை மீண்டும் நிறுவவேண்டும்.

லினக்ஸ் உருவாக்குநருள் ஒருவரான கிரெக் குரோ-ஹார்ட்மன் 2005 இல் 'லினக்ஸ் ஜேர்னல்' இதழில் இவ்வழக்கத்தைக் கண்டித்தார். கோப்பு எங்கே, எவ்வடிவில் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்வது கருநிரலின் பணியன்று. வெளிநிரல் படித்து உள்ளே கொடுப்பதே முறை என்பது அவர் வாதம்.

அகற்றிய எல்லையை மீண்டும் நிறுவுமுன் நிரல் இடறினால் என்னாகும்? 2010 இல் நெல்சன் எல்ஹேஜ் அதனை வெளிப்படுத்தினார். இடறிய நிரலை முடித்துவைக்கும் பகுதி, எல்லை திறந்திருப்பதை அறியாது, வெளியார் குறித்த முகவரியில் பூச்சியத்தை எழுதியது. அந்த ஒரு பூச்சியத்தைக் கொண்டே சாதாரணப் பயனர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடிந்தது. கிறிஸ்டோஃப் ஹெல்விக் முதலானோரின் உழைப்பால், 2020 டிசம்பரில் வெளிவந்த 5.10 ஆம் பதிப்பில், பெருவழக்கிலுள்ள எக்ஸ்86 கணினிகளுக்கு அக்குறுக்குவழி நீக்கப்பட்டது. கருநிரலுக்கு மெய்யாகவே வேண்டிய வாசிப்புக்குத் தனிச் செயல்கூறுகள் உள்ளன.

இவ்வரலாறு நமக்குப் புதியதன்று. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் தன் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்னும் சொற்களைத் தாங்கி வந்தது. மூன்றாண்டுக்கென இயற்றப்பட்ட அது 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் விலையை யாழ்ப்பாணத்து வீடுகள் அறியும்.

அதிகாரம் தன் வசதிக்காகக் காவலை நீக்கும்போது, 'கணநேரந்தானே' என்றே சொல்லும். லினக்ஸில் அக்கணம் ஏறத்தாழ முப்பது ஆண்டு நீடித்தது. மூலநிரல் அனைவர் கண்முன்னும் திறந்திருந்தமையாலேயே பிழையைக் காணவும் களையவும் முடிந்தது. கணினி கற்கும் நம் மாணவர், விசையை அழுத்துவதோடு அமையாது, அந்நிரலைத் திறந்து படிக்கவும் பழகவேண்டும்.