கேளாத வினா



"நல்ல நீரின் இலக்கணம் யாது?" என்று வகுப்பில் நான் வினவுவதுண்டு. "நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது" என்று பிள்ளைகள் ஒரே குரலில் விடை பகர்வார்கள். முழு மதிப்பெண் அளித்து அமரச் சொல்வேன். அவ்விடை போதாது என்பதை வங்கதேசத்தின் வரலாறு பின்னாளில் எனக்குக் கற்பித்தது.

அந்நாட்டுக் கிராம மக்கள் நெடுங்காலம் குளத்து நீரையும் ஆற்று நீரையுமே பருகி வந்தனர். அந்நீரிலிருந்த கிருமிகளால் காலராவும் பேதியும் பரவின. எண்ணற்ற குழந்தைகள் மடிந்தன. 1970-களில் அரசாங்கமும் யூனிசெப் நிறுவனமும் ஊர்தோறும் கைப்பம்பு வைத்த குழாய்க் கிணறுகளை அமைக்க முற்பட்டன. தெளிந்த நீர் கிடைத்தது. செய்தவர் நோக்கம் தூயதே. ஆயினும், ஆர்சனிக் என்னும் பாஷாணத்தைத் தேடுவது அக்காலத்து வழக்கமான நீர்ச்சோதனையில் இடம்பெறவில்லை.

அண்டையிலுள்ள மேற்கு வங்கத்திலும் மக்கள் குழாய்க் கிணற்று நீரையே பருகலாயினர். அங்கே 1983-இல், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த டாக்டர் கே. சி. சாகா, கிராமவாசிகள் சிலருடைய தோலில் கரும்புள்ளிகளையும் உள்ளங்கையில் தடித்த காய்ப்புகளையும் கண்டு, அவை ஆர்சனிக்கின் விளைவே என்று அறிந்தார். எல்லைக்கு அப்பால், வங்கதேசத்துக் கிணற்று நீரில் அந்நஞ்சு உள்ளது என்பது 1993-இல்தான் உறுதியாயிற்று.

நஞ்சை இட்டவர் யார்? ஒருவரும் இலர். இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்து படிய வைத்த வண்டலில், இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடந்தது அது. பிராணவாயு இல்லாத நிலத்தடியில், மக்கிய பொருள்களை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அத்துருவைக் கரைக்க, ஆர்சனிக் நீரில் கலந்தது. மண்படிவு இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு வீட்டுக் கிணறு நஞ்சாகவும் அடுத்த வீட்டுக் கிணறு நன்னீராகவும் இருக்கக்கூடும். கண்ணுக்கும் நாவுக்கும் இரண்டும் ஒன்றே. கொதிக்க வைத்தாலும் நஞ்சு நீங்காது.

ஆகவே ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டியதாயிற்று. பயிற்சி பெற்றவர்கள் சிறு குப்பியில் நீரை எடுத்து, துத்தநாகத் தூளும் அமிலமும் இடுவார்கள். நீரிலுள்ள ஆர்சனிக் வாயுவாய் வெளிப்படும்; குப்பியின் வாயில் வைத்த இரசாயனத் தாள் மஞ்சளாகிப் பழுப்பேறும். அந்நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு புலப்படும். லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பது அந்நாடு வகுத்த வரம்பு. உலக சுகாதார ஸ்தாபனம் கூறுவதோ 10. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் ஏறக்குறைய 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. வரம்பை மீறிய சுமார் 14 இலட்சம் குழாய்களுக்குச் சிவப்பு வர்ணமும், மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். எழுத்தறியாத தாய்மாரும் அவ்வர்ணத்தைப் படித்தனர். பலர் குடத்தை எடுத்துக்கொண்டு அண்டை வீட்டுப் பச்சைக் குழாயை நாடினர்.

முதலில் செய்த சோதனை பொய் கூறவில்லை. கேட்ட வினாவுக்கு மட்டும் விடை தந்தது. கிருமி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றது. பாஷாணம் உண்டா என்று எவரும் கேட்கவில்லை.

உங்கள் ஊர் நீரைச் சோதித்தாயிற்று என்று எவரேனும் சொன்னால், "எவ்வெவற்றுக்காகச் சோதித்தீர்கள், ஐயா?" என்று பணிவோடு கேளுங்கள். அவ்வினாவுக்கு இன்று நான் முழு மதிப்பெண் அளிப்பேன்.