கூண்டில் ஏறாத அருட்பா

மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குள் இராமலிங்க அடிகள் நுழைகிறார். எல்லோரும் எழுகிறார்கள். வழக்குப் போட்ட ஆறுமுக நாவலரும் தம்மை அறியாமல் எழுந்துவிடுகிறார். அதைப் பார்த்த நீதிபதி வழக்கைத் தள்ளிவிடுகிறார். எங்கள் கடலூர்ப் பக்கத்தில் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் இந்தக் கதையைச் சொல்வார்கள். அடிகள் பாடிய அருட்பாவின் பக்கம் நிற்கிற நான், அதைக் காக்க விரும்புகிறவர்கள் முதலில் விட்டுவிட வேண்டியது இந்தக் கதையைத்தான் என்று சொல்வேன். 1869இல் நடந்த அந்த வழக்கு, அருட்பா மெய்யா பொய்யா என்று தீர்ப்பதற்காக வந்ததே அல்ல. சிதம்பரம் கோயிலில் கூடிய கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் தொடுத்த அவதூறு வழக்கு அது. அந்தக் கோயிலின் தீட்சிதர்களும் எதிர்த்தரப்பில் இருந்தார்கள். அருட்பா அன்று கூண்டில் ஏறவில்லை.

பகை மூண்டது அதற்கு முன்பே, 1867இல், முதல் நான்கு திருமுறைகள் அச்சாகி வந்தபோது. அச்சில் வருவதில் அடிகளுக்கு அவ்வளவாக விருப்பமில்லை. பாடல்கள் வந்து சேரும்வரை ஒருவேளை உணவுதான் என்று இறுக்கம் இரத்தின முதலியார் விரதம் பூண்ட பிறகே இசைந்தார். நூலுக்குத் திருவருட்பா என்றும், அதன் பகுதிகளுக்குத் திருமுறை என்றும், பாடியவருக்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்றும் பெயர் சூட்டியவர் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். அடிகளோ தம்மை இராமலிங்கசாமி என்று குறிப்பதுகூட வேண்டாம் என்று கடிதம் எழுதியவர்.

நாவலரால் அந்தப் பெயர்களைப் பொறுக்க முடியவில்லை. சைவருக்குத் திருமுறை பன்னிரண்டு. பூசை முடிவில் ஓதுவார் பாடுவதற்கென்று தேவாரமும் திருவாசகமும் இருக்கின்றன. அந்த இடத்தில் உயிரோடிருக்கும் ஒருவருடைய பாடலைச் சிலர் ஓதத் தொடங்கியிருந்தார்கள். 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. மாவண்டூர் தியாகேச முதலியார் பெயரில் வந்தாலும் எழுத்து நாவலருடையது.

நாவலரைக் கொடியவராக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத் தமிழாக்கத்துக்கு உழைத்தவர், அதே பாதிரிமார்களின் பிரசாரத்துக்கு எதிராகச் சைவத்தைக் காக்கப் பள்ளியும் அச்சுக்கூடமும் நிறுவியவர். வேலி தளர்ந்தால் பயிர் போய்விடும் என்று அஞ்சினார். எது மறை என்று யார் முடிவு செய்வது? அவர் கேட்டது நேர்மையான கேள்விதான்.

அதற்கு வந்த பதில்கள்தான் என்னை வருத்துகின்றன. இரு தரப்புக் கண்டனங்களையும் ப. சரவணன் தொகுத்திருக்கிறார். படித்துப் பாருங்கள். ஆதரித்தவர்கள் அற்புதங்களைச் சாட்சிக்கு அழைத்தார்கள், இலக்கணத்தில் சமாதானம் தேடினார்கள், வசைக்கு வசை வைத்தார்கள். சைவம் ஏற்கெனவே வைத்திருந்த அளவுகோலுக்குள் அருட்பாவை அடக்கிக் காட்டவே பாடுபட்டார்கள். அந்தப் பாடல்கள் ஏன் தங்கள் நெஞ்சில் இறங்கின என்று சொல்லியிருந்தாலே போதும். ஓதுவார் இடத்தில் அவற்றை யாரும் கட்டளையிட்டுப் பாடவைக்கவில்லையே!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாவலர் எதிர்த்த நான்கு திருமுறைகளும் பெரும்பாலும் ஒற்றியூர் ஈசனையும் தில்லை நடராசனையும் உருகிப் பாடியவை. சைவத்துக்கு அந்நியமானவை அல்ல. சாதியையும் சமயத்தையும் சாத்திரக் குப்பையையும் உதறி, தாம் முன்பு நின்ற சைவத்தையும் தாண்டி அடிகள் பேசுவது ஆறாம் திருமுறையில். அதை வேலாயுத முதலியார் முதல் பதிப்பில் சேர்க்கவில்லை. நாவலர் 1879இல் மறைந்தார். ஐந்தாம் திருமுறை 1880இல் வந்தது, ஆறாவது 1885இல். உண்மையில் மரபை உடைத்த நூலை நாவலர் அச்சில் பார்க்கவே இல்லை. அதைப் பற்றி அவரைப் போன்ற கல்விமான் ஒருவர் எழுதியிருந்தால், அந்த வாதம் வேறு தரத்தில் நடந்திருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை, இது அருட்பா அல்ல, 'மருட்பா' என்று மறுபடி கிளம்பினார். பின்னாளில் மறைமலையடிகள் ஆன வேதாசலம் மேடையேறி அவரை எதிர்த்தார். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியிலிருந்து சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் வந்து அருட்பாவுக்காகப் பேசினார். சீறாப்புராணத்துக்கு உரை எழுதிய முஸ்லிம் புலவர் அவர். அருட்பாவுக்குக் கிடைத்த ஆதரவுகளில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். சைவ அளவுகோல் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. பாட்டு அவருக்குப் பிடித்திருந்தது. அதற்காக ஊர் ஊராகப் போய் வாதாடினார்.

கதிரைவேற்பிள்ளை மீது 1904இல் சென்னையில் வழக்கு வந்தது, தள்ளுபடியும் ஆனது. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் அவரிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர், ஆசிரியருக்காக அந்த வழக்கில் அலைந்து தம் தேர்வையே இழந்தார். பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. அவர்தான் திரு.வி.க. அதே திரு.வி.க. 1929இல் அடிகளைப் போற்றி 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' எழுதினார்.