திடமென நிற்கும் திரவம்

களனி கங்கையின் கரையில், கேகாலை மாவட்டத்துக் குன்றுகளின் அடியில் அமைந்த ஊர் யட்டியாந்தோட்டை. 1903ஆம் ஆண்டில் அவிசாவளையிலிருந்து ஒடுங்கிய இருப்புப்பாதை ஒன்று இவ்வூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அத்தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பாதை மறைந்தபோதும், பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்கள் நிலைத்து நின்றன.

அம்மரத்தின் தாயகம் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் ஏறத்தாழ 70,000 வித்துக்களை இலண்டனின் கியூத் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னாளில் களனிப் பள்ளத்தாக்கின் மழையும் வெப்பமும் அம்மரத்திற்கு நன்கு இசைந்தன.

விடியுமுன் தொழிலாளர் மரப்பட்டையைக் கீறுவர். சிரட்டையில் பால் வடியும். அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளுக்கிடையே தகடாக்கிப் புகையூட்டுவர். புகையறையில் தொங்கும் அத்தகட்டைக் காண்போர் அதனைத் திடப்பொருள் என்றே கொள்வர். விஞ்ஞானம் அவ்வாறு கொள்வதில்லை. கந்தகம் சேராத பச்சை இறப்பர் மிக மிக மெதுவாக ஓடும் ஒரு திரவமே. பண்டகசாலையில் கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தால், அடியிலுள்ளவை நாளடைவில் நசுங்கிப் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே அதற்குச் சான்று.

இத்துணைச் சோம்பலான ஓட்டத்திற்குக் காரணம் மூலக்கூறுகளின் நீளம். ஆயிரக்கணக்கான சிறு அலகுகள் கோத்த சங்கிலி போன்றது இறப்பர் மூலக்கூறு. 1920இல் ஜெர்மானிய இரசாயனவியலாளர் ஸ்டோடிங்கர் இக்கருத்தை வெளியிட்டபோது அறிஞருலகம் எளிதில் ஏற்கவில்லை. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட சங்கிலிகள் நூற்கண்டின் சிக்கல்போல் பின்னிக்கிடப்பதால் ஒன்றையொன்று கடந்து செல்வது அரிது. திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடையாகிய பிசுக்குமை அதனால் மிகுகின்றது. தோமஸ் ஹன்கொக் 1820இல் முட்கள் பதித்த எந்திரமொன்றில் இறப்பரை அரைத்து இளகச் செய்தார். சங்கிலிகளை அறுத்துக் குறுக்குகின்றோம் என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

இத்திரவத்தைக் குளிர்வித்தால் என்ன நிகழும்? ஜன்னற் கண்ணாடியின் கதையே இங்கும் நிகழ்கின்றது. உருகிய கண்ணாடி ஆறும்போது அதன் துகள்கள் பளிங்கின் ஒழுங்கை அடைவதில்லை. ஒழுங்கின்றியே, அசைவு குன்றிக் குன்றி நின்றுவிடுகின்றன. இறப்பரில் அந்நிலை பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 70 பாகை செல்சியசில் வருகின்றது. அக்குளிரில் இறப்பர்ப் பந்தைத் தரையில் எறிந்தால் அது துள்ளாது, உடையும். குளிர்நாட்டுக் கிடங்குகளில் மாரிக்காலத்தில் இறப்பர் கல்லாக இறுகியதும் இதுவே என எண்ணலாகாது. அது பளிங்காதல் என்னும் வேறொரு நிகழ்ச்சி. இளஞ்சூடேற்ற மீண்டும் இளகிவிடும்.

கண்ணாடியாகும் வெப்பநிலையைத் தீர்மானிப்பது சங்கிலியின் நுண்ணமைப்பு. இறப்பர்ச் சங்கிலியின் துண்டுகள் எளிதில் புரளக்கூடியவை. ஆதலால் கடுங்குளிரிலும் அவை அசைகின்றன. பொலிஸ்டைரினில் பருத்த பக்கக்கிளைகள் அப்புரளலைத் தடுப்பதால், அது 100 பாகையளவிலேயே கண்ணாடியாகிவிடுகின்றது. இறப்பரும் கட்டாப்பேர்ச்சாவும் ஒரே அலகால் ஆனவை. அலகுகள் இணையும் பாங்கு மட்டுமே வேறு. ஆயினும் ஒன்று துள்ளுகின்றது. மற்றொன்று விறைத்து நின்று கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று.

இவ்வேறுபாடுகள் தோட்டங்களின் பிழைப்போடு நேரே தொடர்புற்றன. 1942இல் மலாயாவை ஜப்பான் கைப்பற்றியபின், நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் முதன்மையான ஊற்று இலங்கையே. மரத்தின் எதிர்காலத்தைப் பாராது, பட்டையை ஒட்ட ஒட்டக் கீறிப் பால் எடுத்தனர். அதே வேளையில் அமெரிக்கா ஸ்டைரீனும் பியூற்றாடையீனும் கொண்டு செயற்கை இறப்பரைப் பெருமளவில் ஆக்கியது. போர் ஓய்ந்ததும் அப்போட்டியே தோட்டங்களை அழுத்தியது. 1952இல் சீனாவுடன் செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தம் ஒரு தாங்குதலாயிற்று. எனினும் தொழிற்சாலைக்காரரின் குறை தீரவில்லை. செயற்கை இறப்பர் கட்டுக்குக் கட்டு ஒரே தன்மையது. இயற்கை இறப்பரோ கப்பலில் கிடக்கும் காலத்திலேயே பிசுக்குமை ஏறி இறுகியது. அரைப்பதற்குக் கூடுதல் மின்சாரமும் நேரமும் வேண்டியிருந்தன.

மரத்திலிருந்து வந்த பொருள் என்பதே இதன் காரணம். சங்கிலியின் முனைகளிலே புரதமும் கொழுப்புச் சார்ந்த பொருள்களும் பற்றியிருப்பதாகவும், அவை ஒன்றுகூடிச் சங்கிலிகளைப் பிணைப்பதாகவும் பின்வந்த ஆய்வாளர் விளக்கினர். மலாயாவின் பி. சி. சேகர், இறப்பரிலுள்ள அல்டிகைட்டுத் தொகுதிகள் இறுகலுக்குக் காரணமாகின்றன என்று கண்டு, ஐதரொட்சிலமீன் உப்பைச் சிறிதளவு சேர்த்து அதனைத் தடுக்கும் வழியைக் காட்டினார். மாறாப் பிசுக்குமை கொண்ட இறப்பர் அவ்வாறே சந்தைக்கு வந்தது. 1965இல் மலேசியா, கண்ணால் பார்த்துத் தரம்பிரிப்பதை விடுத்து, ஆய்வுகூட அளவீட்டால் தரங்கூறும் முறையைத் தொடங்கியது.

தயரின் கருமையிலும் இக்கதை உண்டு. 1904இல் இலண்டனை அடுத்த சில்வர்ரவுணில், புகைக்கரியைச் சேர்த்தால் இறப்பர் வலுப்பெறும் எனக் கண்டனர். ஏன் என்பது நெடுநாள் விளங்கவில்லை. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். கரித்துகள் சில பத்து நனோமீற்றர் அளவினது. அதனை அடுத்த சில நனோமீற்றர்த் தடிப்பிலுள்ள சங்கிலிகள் துகளில் பற்றுண்டு மெதுவாகவே அசைகின்றன. அப்பாலுள்ளவை தாராளமாக அசைகின்றன. ஒரே இறப்பருக்குள் விரைந்த பகுதியும் தயங்கிய பகுதியும் அடுத்தடுத்து இருக்கின்றன. துகளின் அருகில் இத்தயக்கம் எவ்வளவு தூரம் பரவுகின்றது என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வந்திலர்.

புகையூட்டிய தகட்டையோ இன்றும் ஒளிக்கெதிரே தூக்கிப்பிடித்து, குமிழியும் அழுக்கும் பார்த்தே தரம்பிரிக்கின்றனர். பிசுக்குமை அந்த ஒளியில் தெரிவதில்லை.