மிருதங்கம் போச்சு, தோல் போட்டவர் போகல

எங்க தாத்தா பறையடிச்சவர். சாவுக்குக் கூப்பிடுவாங்க, கோயில் கொடைக்குக் கூப்பிடுவாங்க. வாசலுக்கு வெளியே நின்னு அடிச்சுட்டு, குடுக்கிற நெல்ல வாங்கிட்டு வருவாரு. "வாங்க, ஒக்காருங்க, ஒங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லிக் குடுங்க"ன்னு அவர யாரும் கூப்பிட்டதில்ல. கூலிக்குக் கூப்பிடுறது வேற, விருந்தாளியாக் கூப்பிடுறது வேற. இதை மனசில் வைத்துக்கொண்டு ஓர் இசைத்துறையின் வரலாற்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்றொரு ஊர். அங்கே வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1961இல் ராபர்ட் பிரவுன் அங்கு இசை கற்பிக்கப் போனார். மிருதங்கம் கற்றவர். 1965இல் மிருதங்கத்தைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வேடு கொடுத்தவர். ஒரு இசையைப் பற்றிப் புத்தகம் படித்தவர் மட்டும் பாடம் சொன்னால் போதாது, அதை வாசிக்கிறவரே வந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பட்டம் இருக்கான்னு கேக்கல, வித்தை இருக்கான்னு கேட்டாங்க.

1962இல் பாலசரஸ்வதி அங்கே போனார். 1963இல் அவர் தம்பி ரங்கநாதன் மிருதங்கம் சொல்லிக் கொடுக்கப் போனார். இன்னொரு தம்பி, புல்லாங்குழல் விஸ்வநாதன், 1975இலிருந்து அங்கே கற்பித்தார். மூன்று பேரும் வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள்; தேவதாசி மரபில் வந்த குடும்பம். அந்தப் பெண்கள் ஆடினால் ஆபாசம், அதையே மேல்சாதிப் பெண்கள் ஆடினால் தெய்வீகக் கலை என்று சென்னையில் பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்த மரபில் வந்த ஒரு பெண் கடல் கடந்து ஆசிரியராக உட்கார்ந்தது சின்னக் காரியமில்லை.

தமிழர்கள் மட்டுமல்ல. கானாவிலிருந்து வந்த ஆபிரகாம் அட்ஸென்யா 1969 முதல் 2016 வரை அங்கே ஆப்பிரிக்க மேளம் கற்பித்தார். அவர் பெயரையே ஒரு அரங்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினக் கலைஞர், ஜாஸ் டிரம்ஸ் வாசித்த எட் பிளாக்வெல், 1970களிலிருந்து 1992இல் சாகும்வரை அங்கே கலைஞர்-ஆசிரியராக இருந்தார். அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் வழிவந்தவர், அந்த நாட்டிலேயே வாத்தியார். இதைப் படிக்கிறப்போ நமக்கு நெஞ்சு நிறையுது.

அப்புறம் ஒரு கேள்வியும் வருது. மிருதங்கம் கடல் தாண்டிப் போச்சே, அதுக்குத் தோல் போட்டவர் எங்க?

வலந்தலைக்கும் தொப்பிக்கும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் வேணும். இழுத்துக் கட்ட எருமைத்தோல் வார் வேணும். எந்தத் தோல் எந்த நாதம் கொடுக்கும் என்று விரலால் தடவியே சொல்பவர்கள் பெரும்பாலும் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் பர்லாந்து என்கிற ஒரு மனிதரின் கை இருந்தது. டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் இந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதினார். அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. தோல் உள்ளே இருக்கலாம், தோலின் கதை உள்ளே வரக்கூடாது!

இதே வெஸ்லியனில் படித்தவர் சோயி ஷெரினியன். 1990களில் அவர் மதுரைக்கு வந்து, தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவுவிடம் உட்கார்ந்தார். நாட்டுப்புறப் பாட்டும் பறையும் சாமி கும்பிடத் தகாதவை என்ற நினைப்பை உடைத்தவர் அப்பாவு. அவருடைய பாட்டைப் பற்றி ஷெரினியன் எழுதிய நூல் 2014இல் வந்தது. அதற்கு முன்பே, 2011இல், பறைக் கலைஞர்களிடம் தானே பறை கற்றுக்கொண்டதைப் படமாகவும் எடுத்திருந்தார். இங்கே ஆராய்ச்சியாளர் மாணவர், பறைக்காரர் ஆசான். நமக்கு வேண்டியது இந்த இடமாற்றம்தான்.

2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோசம். ஆனா விருது ஒரு நாள் மரியாதை. நாற்காலி தினமும் கிடைக்கிற மரியாதை.

நம்ம ஊர்ல மிருதங்கம் சொல்லிக் கொடுக்காத இசைப்பள்ளி உண்டா? வெளியூர் வித்துவானக் கூப்பிடுறாங்க, பொன்னாடை போத்துறாங்க. நல்லது. வாத்தியம் கிழிஞ்சா மட்டும் ஆள் விட்டுக் கூப்பிடுறீங்களே, அந்தத் தோல் போடுறவரையும் ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிடுங்க. தோலைத் தேர்வு செய்யிறது எப்படி, வார் பிடிக்கிறது எப்படின்னு பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்க. வித்துவானுக்குக் கொடுக்கிற அதே சன்மானத்தக் கொடுங்க. பறையடிக்கிறவரயும் வாசல்ல நிறுத்தாதீங்க, உள்ளே கூப்பிடுங்க.

எங்க தாத்தா இல்ல. அவர் அடிச்ச அடி எங்க சித்தப்பா கையில இன்னும் இருக்கு. யாராவது விருந்தாளியாக் கூப்பிட்டா, அவரு வருவாரு.