தைராய்டுக் கட்டிகளின் ஹார்மோன் துலங்கல்

பிட்யூட்டரி சுரக்கும் தைராய்டு தூண்டும் ஹார்மோனுக்குத் தைராய்டுக் கட்டிச் செல்கள் காட்டும் எதிர்வினை. இயல்பான திசுவில் இந்த ஹார்மோன் செல்பரப்பின் ஏற்பியில் இணைந்து, சுழற்சி ஏ.எம்.பி. அளவை உயர்த்தி, அயோடின் உறிஞ்சலையும் தைராய்டு ஹார்மோன் உற்பத்தியையும் செல் வளர்ச்சியையும் தூண்டுகிறது. பாப்பில்லரி, ஃபாலிக்குலர் புற்றுநோய்கள் பெரும்பாலும் ஏற்பியைத் தக்கவைத்தாலும் அயோடினைக் குறைவாகவே ஈர்க்கும். நச்சு அடினோமா நேர்மாறானது: 1993இல் கண்டறியப்பட்ட ஏற்பி மரபணுத் திடீர்மாற்றங்களால் அது பெரும்பாலும் தூண்டலின்றியே இயங்கும். அனாபிளாஸ்டிக் வகையில் ஏற்பி பொதுவாக மறைந்துவிடும். சி செல்களில் தோன்றும் மெடுல்லரி வகை இந்த ஹார்மோனைச் சாராது. சிகிச்சைக்கு இவ்வேறுபாடு மிக முக்கியம். லெவோதைராக்சின் தந்து தைராய்டு தூண்டும் ஹார்மோனை அடக்கினால் எஞ்சிய புற்றுச் செல்களின் வளர்ச்சி மட்டுப்படும்; அயோடின்-131 தருவதற்கு முன்போ, அச்செல்கள் அதை ஈர்க்கும்படி தூண்டும் ஹார்மோனின் அளவை லிட்டருக்கு 30 மில்லி அலகுக்கு மேல் உயர்த்துவது வழக்கம்.